முலாம் பட்டறைக் கழுவுநீரின் குரோமியத்தைத் தென்னை நார்க்கழிவால் நீக்க முடியுமா?

பட்டறைக்காரன்:

வணக்கம். கோவையில் நிக்கல், குரோம் முலாம் பூசும் சிறிய பட்டறை ஒன்றை நடத்துகிறேன். குரோம் தொட்டியிலிருந்து எடுத்த பொருள்களைக் கழுவுவதால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 2,000 லிட்டர் மஞ்சள் நிறக் கழுவுநீர் சேர்கிறது. பரிசோதனைக்குக் கொடுத்தபோது அதில் லிட்டருக்கு 50 மில்லிகிராம் அளவில் குரோமியம் இருப்பதாகவும், அதில் பெரும்பகுதி ஆறு இணைதிறன் கொண்ட நச்சு வடிவமான குரோமியம்-6 என்றும் அறிக்கை வந்தது. நீரின் அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். (குறையக் குறைய அமிலம் கூடும்) மூன்றுக்கும் நான்குக்கும் இடையில் இருக்கிறது. இப்போது சோடியம் மெட்டாபைசல்பைட்டும் சுண்ணாம்பும் போட்டுக் கசடாக இறக்குகிறோம். அந்தக் கசடை அப்புறப்படுத்துவதுதான் பெரும் தலைவலியாக உள்ளது.

பொள்ளாச்சிப் பக்கம் கயிறு ஆலைகளில் தென்னை நார்க்கழிவு மலிவாகக் கிடைக்கிறது. ஒரு கிராம் கழிவு நூறு மில்லிகிராம் வரைகூட உலோகத்தைப் பிடித்துக்கொள்ளும் என்று இணையக் கட்டுரைகளில் படித்தேன். 200 லிட்டர் பீப்பாயில் அதை நிரப்பிக் கழுவுநீரை அதன் வழியே விட்டால், மருந்துச் செலவும் கசடும் இல்லாமல் வேலை முடிந்துவிடுமா? அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

நீர்வேதியல்:

நண்பரே, நார்க்கழிவு குரோமியத்தைப் பிடிக்கும் என்பதில் ஐயமில்லை. கோவையிலேயே பாரதியார் பல்கலைக்கழகத்தில் நார்க்கழிவிலிருந்து கிளர்வூட்டிய கரி தயாரித்து, அது உலோக அயனிகளை ஈர்ப்பதைப் பற்றி இரு பத்தாண்டுகளுக்கு முன்பே ஆய்வுகள் வெளியிட்டிருக்கிறார்கள். ஆனால் உங்கள் தொட்டிக்கு அது பொருந்துமா என்பது வேறு கேள்வி. அதற்கு விடை காண, பிடிப்பு எப்படி நடக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும்.

ஈயம், காட்மியம், நிக்கல், செம்பு ஆகியவை நீரில் நேர்மின்னேற்றம் கொண்ட அயனிகளாகத் திரிகின்றன. நெல் உமி, கரும்புச் சக்கை, நிலக்கடலைத் தோல், நார்க்கழிவு போன்ற தாவரக் கழிவுகளின் மேற்பரப்பில் கார்பாக்சில், ஹைட்ராக்சில் தொகுதிகள் உள்ளன. பி.எச். ஐந்தை ஒட்டி இருக்கும்போது கார்பாக்சில் தொகுதிகள் தம் ஹைட்ரஜனை இழந்து எதிர்மின்னேற்றம் பெறுவதால், ஈயம் போன்றவை அவற்றில் ஒட்டிக்கொள்கின்றன. பி.எச். குறைந்தால் அதே இடங்களை ஹைட்ரஜன் அயனிகள் பிடித்துக்கொள்ளும். மிகவும் கூடினால் உலோகம் தானாகவே ஹைட்ராக்சைடாகக் கீழே இறங்கிவிடும். அப்படி இறங்கியதையும் சேர்த்து 'கழிவு பிடித்தது' என்று கணக்குக் காட்டும் கட்டுரைகள் சில உண்டு.

குரோமியம்-6 இதற்கு நேர்மாறானது. அது குரோமேட் என்னும் எதிர்மின் அயனியாக இருப்பதால், மேற்பரப்பு நேர்மின்னேற்றம் பெறும் அமில நிலையில்தான், அதாவது பி.எச். இரண்டை ஒட்டித்தான், நன்றாக ஈர்க்கப்படுகிறது. எனவே ஒரே பீப்பாயில் நிக்கலையும் குரோமியத்தையும் சேர்த்து நீக்கலாம் என்ற எண்ணம் இருந்தால் முதலில் அதைக் கைவிடுங்கள்.

நீங்கள் குறிப்பிடும் நூறு மில்லிகிராம் என்பது பெரும்பாலும் லாங்மியூர் சமன்பாட்டிலிருந்து கணித்த உச்ச அளவு. இர்விங் லாங்மியூர் 1918-இல் வகுத்த அந்தச் சமன்பாடு, மேற்பரப்பின் எல்லா இடங்களும் நிரம்பிவிட்டால் எவ்வளவு கொள்ளும் என்பதைச் சொல்கிறது. அந்த நிலையை எட்ட, கரைசலில் லிட்டருக்குப் பல நூறு மில்லிகிராம் உலோகம் எஞ்சி நிற்க வேண்டும். உங்களுக்கு வேண்டியதோ வெளியேறும் நீரில் குரோமியம்-6 லிட்டருக்கு 0.1 மில்லிகிராமுக்குக் கீழே இருப்பது; நீர்நிலைகளில் விடுவதற்கான வரம்பு அதுதான். அந்தத் தாழ்ந்த செறிவில் அதே கழிவு தன் உச்ச அளவில் ஒரு சிறு பங்கைத்தான் பிடிக்கும். மேலும், ஆய்வகத்தில் காய்ச்சி வடித்த நீரில் ஒரே உலோகத்தைக் கரைத்துச் சோதிக்கிறார்கள். உங்கள் ஆழ்துளைக் கிணற்று நீரில் சல்பேட்டும் குளோரைடும் குரோமேட்டோடு இடத்துக்குப் போட்டியிடும். நிக்கல் என்றால் கால்சியமும் மக்னீசியமும் போட்டிக்கு வரும்.

பாலாற்றங்கரை:

வாணியம்பாடிப் பகுதியில் தோல் தொழிற்சாலைகளின் கழிவுநீரைக் கையாளும் பணியில் நெடுங்காலம் இருந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். வேதியியலை ஐயா விளக்கிவிட்டார். நான் கசடுக் கணக்கை மட்டும் போட்டுக் காட்டுகிறேன், ஏனெனில் கேட்டவரின் தலைவலி அதுதான்.

2,000 லிட்டரில் லிட்டருக்கு 50 மில்லிகிராம் என்றால், நாளொன்றுக்கு 100 கிராம் குரோமியம். 200 லிட்டர் பீப்பாயில் உலர்ந்த நார்க்கழிவு ஏறக்குறைய 20 கிலோதான் கொள்ளும். அவ்வளவு எடை குறைந்த பொருள் அது. கிராமுக்குப் பத்து மில்லிகிராம் பிடிக்கிறது என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும், அந்தப் பீப்பாய் மொத்தமாக 200 கிராம் குரோமியத்தைத்தான் தாங்கும். இரண்டு நாளில் அது நிறைந்துவிடும். மூன்றாம் நாள் மஞ்சள் நீர் அப்படியே மறுபக்கம் வரும்.

இப்போது நிறைந்த பீப்பாயைத் தூக்கிப் பாருங்கள். நார்க்கழிவு தன் எடையைப்போலப் பல மடங்கு நீரை உறிஞ்சி வைத்திருப்பதனால்தான் தோட்டக்கலையில் அதற்கு இவ்வளவு மதிப்பு. ஆகவே இரண்டு நாளுக்கு ஒருமுறை நூறு கிலோவுக்குக் குறையாத ஈரமான, குரோமியம் ஏறிய கழிவு உங்கள் கையில் இருக்கும். நீங்கள் இப்போது செய்கிற முறையிலோ, 100 கிராம் குரோமியம் 200 கிராம் குரோமிய ஹைட்ராக்சைடாக மாறுகிறது. சுண்ணாம்பின் எச்சத்தையும் பிழிந்த பிறகு தங்கும் ஈரத்தையும் சேர்த்தால்கூட நாளுக்குச் சில கிலோவைத் தாண்டாது. கசடைக் குறைக்க வேண்டும் என்று தொடங்கினால் பல மடங்கு பெருக்கிக்கொண்டு நிற்பீர்கள்.

அந்த நார்க்கழிவை எங்கே போடுவீர்கள்? 2016-ஆம் ஆண்டின் தீங்கு விளைவிக்கும் கழிவுகள் விதிகளின்படி அது கும்மிடிப்பூண்டியில் இருப்பதைப் போன்ற நச்சுக் கழிவைப் புதைக்கும் அங்கீகரிக்கப்பட்ட நிரப்புமனைக்குத்தான் போக வேண்டும், அங்கே எடைக்குத்தான் கட்டணம். 'காயவைத்து அடுப்பில் எரித்துவிடலாமே' என்று யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். சாம்பலில் கால்சியமும் பொட்டாசியமும் இருக்கும். காற்றோடு சேர்ந்து சூடேறும்போது, நார்க்கழிவில் மூன்று இணைதிறன் கொண்ட, தீங்கு குறைந்த வடிவமாக மாறியிருந்த குரோமியம்-3 மறுபடியும் குரோமியம்-6 ஆக மாறும்.

எங்கள் பகுதியில் இதை வேறு வழியில் அணுகினோம். தோல் பதனிடும்போது போடும் குரோமிய உப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தோலில் ஏறாமல் நீரிலேயே தங்கிவிடுவதுண்டு. அதை மற்றக் கழிவுநீரோடு கலக்கவிடாமல் தனியே பிரித்து, மக்னீசியம் ஆக்சைடால் இறக்கி, கந்தக அமிலத்தில் கரைத்து, மீண்டும் பதனிடும் தொட்டிக்கே அனுப்புகிறார்கள். பாலாற்றுப் படுகையின் மாசு பற்றி 1996-இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்புக்குப் பிறகு இத்தகைய ஏற்பாடுகளுக்கு நெருக்கடி கூடியது. உலோகத்தைப் பிடித்துப் புதைப்பதைவிட, பயன்பட்ட இடத்துக்கே திருப்புவதுதான் மலிவு என்பது என் உறுதியான கருத்து.

ஆய்வுமேசை:

மேலே எழுதிய இருவரின் அனுபவத்தையும் மதிக்கிறேன். ஆயினும் இத்துறையில் முனைவர் பட்ட ஆய்வு செய்பவள் என்ற முறையில், இயற்கைக் கழிவுகளை இவ்வளவு எளிதாகத் தள்ளிவிடுவதை ஏற்க முடியவில்லை. எல்லாக் கழிவும் நார்க்கழிவு போன்றதன்று. சர்காசம் போன்ற பழுப்புக் கடற்பாசிகளில் உலோகத்தைப் பிடிக்கும் ஆல்ஜினேட் என்னும் பசைப்பொருள் நிறைந்திருப்பதால் அவை கிராமுக்கு 200 மில்லிகிராமுக்கும் மேல் ஈயத்தைப் பிடிப்பதாகப் பல ஆய்வுக்கூடங்கள் தனித்தனியே காட்டியிருக்கின்றன. இறால், நண்டு ஓடுகளிலிருந்து எடுக்கும் கைட்டோசானைப் பாருங்கள்: சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் பிரதீப் குழுவினர் உருவாக்கிய 'அம்ரித்' என்னும் ஆர்செனிக் நீக்கும் முறை கைட்டோசானை அடிப்படையாகக் கொண்ட நுண்துகள் கலவைதான். அது ஊர்களில் உண்மையாகவே குடிநீர் தந்துகொண்டிருக்கிறது. வாழைப்பழத் தோல் ஆற்றுநீரிலிருந்து ஈயத்தையும் செம்பையும் பிரித்தது என்று 2011-இல் பிரேசிலிலிருந்து வந்த ஆய்வும் உலகெங்கும் பேசப்பட்டது. நீர்த்த அமிலத்தால் கழுவினால் உலோகம் பிரிந்து வந்துவிடுவதால், அதே கழிவைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தவும் முடியும். அப்படியிருக்க, ஒருமுறை நிறைந்ததும் தூக்கி எறிவதாகப் போட்ட கணக்கு நியாயமானதா?

நீர்வேதியல்:

சகோதரி, உங்கள் எதிர்வாதத்தில் வலு இருக்கிறது. அதனாலேயே ஒவ்வொன்றாகப் பேச விரும்புகிறேன்.

அம்ரித்தில் ஆர்செனிக்கைப் பிடிப்பது கைட்டோசான் அன்று, அதனுள் பொதிந்துள்ள இரும்பு ஆக்சி-ஹைட்ராக்சைடு. அந்த நுண்துகள்கள் நீரோடு போய்விடாமல் கூடுபோல இருந்து காப்பது கைட்டோசானின் வேலை. ஓட்டுக் கழிவிலிருந்து வந்த பொருள் இங்கே பயன்பட்டதற்குக் காரணம், அது பல படிகளில் தூய்மையாக்கப்பட்டு, ஒவ்வொரு தொகுதியும் ஒரே தரத்தில் அமையும்படி செய்யப்பட்டதுதான். அந்த நிலையில் அதைக் 'கழிவு' என்று அழைப்பதே பொருந்தாது.

வாழைப்பழத் தோல் ஆய்வைச் செய்தித்தாள்கள் படித்த விதம் எனக்கு எப்போதும் வியப்பளிப்பது. அந்த ஆய்வாளர்கள் குடிநீர் வடிகட்டி செய்யவில்லை. ஆற்றுநீரில் உலோகம் கருவியால் அளக்க முடியாத அளவு குறைவாக இருக்கும்போது, அதைத் தோலில் சேகரித்துப் பின் சிறிதளவு அமிலத்தில் இறக்கி, செறிவை ஏறத்தாழ இருபது மடங்கு கூட்டி அளப்பதே அவர்கள் நோக்கம். அளவிடுவதற்கான முன்வேலை அது. 'வாழைப்பழத் தோல் தண்ணீரைச் சுத்தமாக்கும்' என்ற தலைப்பு மட்டும் மிஞ்சிவிட்டது.

மறுபயன்பாட்டைப் பற்றி: அமிலத்தால் கழுவினால் ஈயமும் நிக்கலும் இறங்கும், உண்மை. ஆனால் கழுவிய அமிலத்தில் அந்த உலோகம் இன்னும் இருக்கிறது. அதை எப்படியும் சுண்ணாம்பு போட்டு வீழ்படிவாக்க வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் தாவரக் கழிவு சிறிது கரைந்து, நொறுங்கி, படுகையை அடைத்துக்கொள்ளும். 1990-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் குளோரெல்லா பாசியைச் சிலிக்காவில் பதித்து 'ஆல்காசார்ப்' என்றும், அந்நாட்டுச் சுரங்கத் துறை பீட் எனப்படும் சதுப்புநிலப் பாசியையும் பிற உயிர்ப்பொருள்களையும் மணிகளாக்கிப் 'பயோ-ஃபிக்ஸ்' என்றும் கொண்டுவந்தார்கள். இரண்டும் வேலை செய்தன. ஆனால் தொழிற்சாலைகள் உலோக அயனியைப் பிடித்து வேறு அயனியை விடும் செயற்கைப் பொருளான அயனிப் பரிமாற்றப் பிசினையே வாங்கின. பிசின் விலை கூடுதலென்றாலும் ஆண்டுக்கணக்கில் ஒரே மாதிரி நடந்துகொள்ளும்.

குரோமியத்தில் இன்னொரு கண்ணி இருக்கிறது. நூலகத்தில் குவிந்துள்ள கட்டுரைகளில் பாதி அதில் சிக்கியிருக்கும் என்று நினைக்கிறேன். லிக்னின், டானின் என்னும் தாவரப் பொருள்கள் நிறைந்த நார்க்கழிவு, அமில நிலையில் குரோமியம்-6-ஐ வெறுமனே பிடிப்பதில்லை. எலெக்ட்ரான்களைத் தந்து அதைக் குரோமியம்-3 ஆக மாற்றுகிறது, அதாவது ஒடுக்குகிறது. குரோமியம்-3 நேர்மின் அயனி, பி.எச். இரண்டில் அது ஒட்ட இடம் கிடைக்காமல் பெரும்பகுதி நீருக்கே திரும்பிவிடும். மஞ்சள் நிறம் மறையும், குரோமியம்-6-ஐ மட்டும் காட்டும் டைஃபினைல்கார்பசைடு சோதனையில் செவ்வூதா நிறம் வராது, 'முழுவதும் நீங்கியது' என்று எழுதிவிடுவார்கள். மொத்தக் குரோமியத்தை அணு உறிஞ்சல் கருவியில் அளந்தால்தான் அது நீரிலேயே இருப்பது தெரியும். பட்டறைக்காரர் எதைச் செய்தாலும் குரோமியம்-6, மொத்தக் குரோமியம் ஆகிய இரண்டையும் அளக்கச் சொல்ல வேண்டும். மொத்தத்துக்கான வரம்பு லிட்டருக்கு 2 மில்லிகிராம். போதாக்குறைக்கு, நார்க்கழிவிலிருந்து காப்பித்தூள் நிறத்தில் டானின் கசிந்து வந்து நீரின் கரிமக் கழிவை அளக்கும் வேதிய ஆக்சிஜன் தேவையை ஏற்றிவிடும்.

ஆய்வுமேசை:

ஒடுக்கத்தைப் பற்றிச் சொன்னது சரியே; எங்கள் ஆய்வகத்தில் இரண்டையும் அளந்துதான் வெளியிடுகிறோம். ஆனால் அதே ஒடுக்கும் பண்பைக் குறையாகப் பார்க்காமல், இப்போது குரோமியம்-6-ஐ ஒடுக்கும் மெட்டாபைசல்பைட்டுக்கு மாற்றாகக் கழிவைப் பயன்படுத்தலாம் அல்லவா?

நீர்வேதியல்:

பயன்படுத்தலாம், ஆனால் மெட்டாபைசல்பைட் சில நிமிடங்களில் முடிக்கும் வேலைக்கு நார்க்கழிவு பல மணி நேரம் எடுக்கும். 100 கிராம் குரோமியத்துக்குக் கணக்குப்படி முந்நூறு கிராமுக்கும் குறைவான மெட்டாபைசல்பைட் போதும். அவ்வளவு மலிவான மருந்தை மிச்சப்படுத்துவதற்காகப் பெரிய தொட்டி கட்டுவது பொருளற்றது. இடமும் காலமும் தாராளமாக உள்ள இடங்களில் கதை வேறு. கனடாவின் சட்பரி அருகே நிக்கல் ரிம் என்ற சுரங்கப் பகுதியில் 1995-இல் நகர மட்குரத்தையும் இலைச்சருகையும் மரச்சில்லுகளையும் சரளையோடு கலந்து நிலத்தடி நீரின் பாதையில் புதைத்தார்கள். அங்கே அந்தக் கழிவுகள் உலோகத்தைப் பிடிக்கும் பொருளாக அல்லாமல், சல்பேட்டை ஒடுக்கும் பாக்டீரியாக்களுக்கு உணவாகப் பயன்பட்டன. அவை உண்டாக்கிய சல்பைடு, இரும்பையும் நிக்கலையும் கரையாத உப்பாக மண்ணிலேயே நிறுத்தியது. இயற்கைக் கழிவுகளின் வெற்றிக் கதை என்று நான் மனமாரச் சொல்லக்கூடியது அதுதான்.

வார்ப்படம்:

பேச்சு முழுவதும் தாவரக் கழிவையே சுற்றி வருகிறது. கோவையில் இருந்துகொண்டு இரும்புக் கழிவை மறந்துவிட்டீர்களே! பம்பு, மோட்டார் உறுப்புகளைக் கடையும்போது வரும் வார்ப்பிரும்புத் துருவல், அதாவது பழைய இரும்புக் கடைக்காரர்கள் 'சி.ஐ. போரிங்' என்று சொல்வது, குரோமியம்-6-ஐ ஒடுக்குவதில் நார்க்கழிவைவிட எத்தனையோ மடங்கு வேகமானது. இரும்பு தான் துருப்பிடித்து, குரோமியத்தை மூன்று இணைதிறனுக்கு இறக்கி, தன் ஹைட்ராக்சைடோடு சேர்த்துக் கட்டிப்போடுகிறது.

இது சோதனைக்குழாய்ச் செய்தி அன்று. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் எலிசபெத் சிட்டி என்ற ஊரில், கடலோரக் காவல் படைத் தளத்தின் குரோம் முலாம் பட்டறையிலிருந்து கசிந்த குரோமியம்-6 நிலத்தடி நீரில் பரவியிருந்தது. 1996-இல் அந்நீரின் பாதையில் ஏறத்தாழ 46 மீட்டர் நீளத்துக்கு இரும்புத் துருவலை நிரப்பி ஒரு சுவர் எழுப்பினார்கள். அது பல ஆண்டுகள் தடையின்றி வேலை செய்தது. வங்கதேசத்தில் அபுல் ஹுஸ்ஸாம் வடிவமைத்த 'சோனோ' ஆர்செனிக் வடிகட்டியின் உயிரும் இரும்புத் துருவலில் செய்த கலவைதான்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: எங்கள் உலைகளில் அதை மறுபடி உருக்குவதால் அதற்கு விலை உண்டு, இலவசம் அன்று. எஃகுத் துருவலை வாங்காதீர்கள், வெட்டெண்ணெய் ஒட்டியிருக்கும். வார்ப்பிரும்பைப் பெரும்பாலும் எண்ணெயில்லாமல் கடைவதால் அது ஓரளவு சுத்தமாகவே கிடைக்கும்.

கிணற்றடி:

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். எங்கள் வீட்டு ஆழ்துளைக் கிணற்று நீரில் ஈயம் இருக்கலாம் என்று ஐயப்படுகிறோம். முருங்கை விதையையோ உமிக்கரியையோ போட்டு வைத்தால் குடிக்கலாமா?

நீர்வேதியல்:

வேண்டாம் அம்மா. முருங்கை விதையிலுள்ள புரதம் கலங்கலைத் திரட்டிக் கீழே இறக்கும். கரைந்திருக்கும் ஈயத்துக்கு அதை நம்ப முடியாது. குடிநீரில் ஈயத்துக்கு இந்தியத் தர நிர்ணயம் வகுத்த வரம்பு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம், அந்த அளவை நிறமோ சுவையோ காட்டிக்கொடுக்காது. முதலில் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் நீரைச் சோதியுங்கள். ஈயம் இருப்பது உறுதியானால் எதிர்ச்சவ்வூடு பரவல் (ஆர்.ஓ.) கருவியையோ வேறு நீர் மூலத்தையோ நாடுங்கள்.

பட்டறைக்காரன்:

இவ்வளவு விரிவாக எழுதியதற்கு அனைவருக்கும் நன்றி. கசடுக் கணக்கைப் பார்த்தபின் நார்க்கழிவு எண்ணத்தை விட்டுவிட்டேன். இரும்புத் துருவலை முயன்று பார்க்கலாம் என்று தோன்றுகிறது. ஆனால் பாலாற்றங்கரை ஐயா சொன்ன 'பயன்பட்ட இடத்துக்கே திருப்புவது' என் பட்டறையில் எப்படி முடியும்? 2,000 லிட்டர் நீரைத் தொட்டிக்குள் திருப்பி ஊற்ற முடியாதே.

பாலாற்றங்கரை:

2,000 லிட்டர் எதற்கு என்பதுதான் கேள்வி, தம்பி. உங்கள் குரோம் தொட்டியில் வழக்கம்போல லிட்டருக்கு 250 கிராம் குரோமிக் அமிலம் இருந்தால், அதில் குரோமியம் மட்டும் 130 கிராம். நாளொன்றுக்கு 100 கிராம் போகிறது என்றால், பொருள்களில் ஒட்டிக்கொண்டு வெளியேறும் கரைசல் முக்கால் லிட்டரை ஒட்டித்தான் இருக்கும். அந்த முக்கால் லிட்டரைக் கழுவத்தான் 2,000 லிட்டரைச் செலவிடுகிறீர்கள். முதலில் பொருளைத் தொட்டியின் மேலேயே சில நொடிகள் கூடுதலாகத் தொங்கவிட்டு வடியச் செய்யுங்கள். காசு செலவில்லாமலே ஒரு பகுதி மிஞ்சும்.

அடுத்து, ஒரே கழுவுதொட்டிக்குப் பதில் இரண்டு வைத்து, பொருள் முதலாவதிலிருந்து இரண்டாவதற்குப் போகும்போது நீர் இரண்டாவதிலிருந்து முதலாவதற்கு வருமாறு எதிரோட்டமாக அமையுங்கள். கடைசியில் பொருளின்மேல் இருக்கும் தூய்மை இப்போதுள்ளதே போதுமென்றால், ஒட்டிவரும் கரைசலைப்போல எத்தனை மடங்கு கழுவும் நீர் வேண்டும் என்ற விகிதம் ஏறக்குறைய அதன் வர்க்கமூலமாகக் குறையும். உங்கள் விகிதம் 2,600 மடங்கு. அதன் வர்க்கமூலம் 51. கணக்குப்படி நாளுக்கு நாற்பது லிட்டர் போதும். கலக்கம் முழுமையாக இராது என்பதால் நூறு லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். தொட்டி சூடாக இருப்பதால் ஆவியாகிக் குறையும் நீருக்கு ஈடாக முதல் கழுவுதொட்டியின் நீரையே ஊற்றலாம். ஆவியாவதைவிட மிஞ்சும் நீருக்கு மட்டும் வார்ப்படத்தாரின் இரும்புத் துருவல் பீப்பாயோ இப்போதைய மெட்டாபைசல்பைட்டோ போதுமானது. துருவலைத் தேர்ந்தால் மணலோடு கலந்து நிரப்புங்கள், இல்லையேல் துரு கட்டி இறுகிவிடும். கரைந்து வரும் இரும்பும் கசடாகும் என்பதால் சிறிய அளவுக்குத்தான் அது ஏற்றது. திருப்பி ஊற்றத் தொடங்கியபின் தொட்டியில் இரும்பும் செம்பும் சேர்கின்றனவா என்று அவ்வப்போது சோதிக்க வேண்டும். அவை கூடினால் முலாம் மங்கும்.

பட்டறைக்காரன்:

இரண்டாவது தொட்டிக்கு இடம் இருக்கிறது. நிக்கல் கழுவுநீரையும் மிஞ்சும் குரோம் நீரோடு சேர்த்தே சுத்திகரிக்கலாமா?

பாலாற்றங்கரை:

சேர்க்காதீர்கள். குரோமிய ஹைட்ராக்சைடு பி.எச். எட்டரை முதல் ஒன்பது வரை நன்றாக இறங்கும். நிக்கலோ பத்தை எட்டினால்தான் போதிய அளவு இறங்கும், அதற்கு மேலே போகப் போகக் குரோமியம் மறுபடி கரையத் தொடங்கும். நிக்கலுக்கும் தனியே எதிரோட்டக் கழுவுதொட்டி வைத்து, நிக்கல் தொட்டிக்கே திருப்பிவிடுங்கள். நிக்கல் உப்பு விலையைப் பார்த்தால் அந்தத் தொட்டிதான் முதலில் உங்கள் செலவைத் திருப்பித் தரும்.